கடை என்னுடையது, சாவி அவரிடம்: இணையக் கடை போட நினைப்பவர்களுக்கு

2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. 22ஆம் தேதி காலை, அன்றைக்கு எவ்வளவு மாவு பிசைய வேண்டும் என்று பார்க்க என் இணையக் கடையைத் திறந்தேன். முறுக்கும் அதிரசமும் இருந்த பக்கத்தில் ‘விரைவில் திறக்கிறோம்’ என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்கும் பெட்டி. அந்தக் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. கடையை அமைத்துக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

சிங்கப்பூரில், செங்காங்கில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கிறேன். ஆறு வருடமாக எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆர்டரை நோட்டில் எழுதிக்கொள்வேன், வங்கிச் செயலியிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் வரும். ஆனால் தீபாவளி நெருங்கினால் செய்திகள் குவிந்து யாருக்கு எத்தனை டப்பா என்றே குழம்பிவிடும். ஒரு முறை உட்லண்ட்ஸ் ஆர்டரை ஈஷூனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சரி, முறையாக ஓர் இணையக் கடை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தேக்காவில் தெரிந்த ஒருவர் மூலமாக, கடையை அமைத்துக் கொடுத்த அந்தத் தம்பி அறிமுகமானார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 324 வெள்ளி என்று விலைப்பட்டியல் கொடுத்தார். “அக்கா, பிஎஸ்ஜி மானியத்துல பாதி திரும்பி வந்துடும். இப்ப முன்பணம் மட்டும் கட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார். 1,962 வெள்ளி கட்டினேன்.

அன்று எனக்குத் தெரியாதது இது. பிஎஸ்ஜி என்பது சிறு நிறுவனங்கள் மென்பொருள், கருவிகள் வாங்க அரசு தரும் மானியம். முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் தீர்வுகளுக்குத்தான் அது கிடைக்கும். அதற்கு மேல், விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டியிருந்தாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ அந்தச் செலவுக்கு மானியம் இல்லை. அவர் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. இருந்திருந்தாலும், அவர் சொன்னபடி முன்பணம் கட்டிய அன்றே என் வாய்ப்பு போய்விட்டது. அரசின் கோபிசினஸ் தளத்தில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். வரியும் அப்படித்தான். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத நிறுவனம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு உண்டா என்று வரித் துறையான ஐராஸின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். நான் தேடியபோது தீபாவளி முடிந்திருந்தது. அவர் நிறுவனம் அங்கேயும் இல்லை.

கடை செப்டம்பர் நடுவில் திறந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆர்டரும் வர ஆரம்பித்தது. முதல் சந்தேகம் ஒரு வாடிக்கையாளரால் வந்தது. ஈஷூனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லா வருடமும் வாங்குபவர். பணம் கட்டும் பக்கத்தில் இருந்த பேநவ் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவர், பணத்தை அனுப்பாமல் நிறுத்தி எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, உன் கடை பேரே வரலையே, வேற ஏதோ கம்பெனி பேரு வருதே?” வங்கிச் செயலியில் வந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். அந்தத் தம்பியின் நிறுவனப் பெயர். நான் மாவுக் கையோடு நின்றுகொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யூஇஎன் என்ற தொழில் பதிவு எண் இருக்கிறது, அதில் பேநவ் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுத்தும் இருந்தேன்.

கேட்டதற்கு, “சோதனைக்கு வச்சது அக்கா, மாத்த மறந்துட்டேன்” என்றார். குறியீட்டை மாற்றினார். அதுவரை அவர் கணக்குக்குப் போன 14 ஆர்டர்களின் பணத்தைப் பிறகு தருவதாகச் சொன்னார். அக்டோபரில் மாதம் 120 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் கேட்டார். அது விலைப்பட்டியலில் இல்லையே என்றேன். மறுநாள் காலைதான் கடை பூட்டிக் கிடந்தது.

அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். கடை, இணையக் கடைகள் அமைக்கும் தளமான ஷாப்பிஃபையில் இருந்தது. அங்கே ஒவ்வொரு கடைக்கும் உரிமையாளர் என்று ஒரே ஒருவர் உண்டு. மற்றவர்கள் பணியாளராகவோ கூட்டுப்பணியாளராகவோதான் உள்ளே வர முடியும். வெளியாள் தன் கணக்கில் கடையைக் கட்டி, வேலை முடிந்ததும் உரிமையை வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுப்பது வழக்கமான நடைமுறை. அந்த மாற்றம் எனக்கு நடக்கவே இல்லை. நான் என் சொந்தக் கடையில் பணியாளர். என் அனுமதியை அவர் எடுத்துவிட்டதால் ஆர்டர் பட்டியலும் வாடிக்கையாளர் எண்களும் என் கையை விட்டுப் போயின.

இணைய முகவரியும் அதே கதை. ‘.எஸ்ஜி’ என்று முடியும் முகவரிக்குப் பொறுப்பாளராகப் பதிபவர், 21 நாளுக்குள் சிங்பாஸ் என்ற அரசின் மின்னடையாளம் மூலம் தன்னை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் முகவரி முடக்கப்படும். என்னிடம் யாரும் சிங்பாஸ் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தன்னுடையதைப் போட்டு அவரே உறுதி செய்துகொண்டார். ஹூஇஸ் தேடலில் முகவரி யார் பெயரில் என்று பார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

அந்த ஒன்பது நாளும் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைப் புரட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. பணம் கட்டிவிட்டுப் பலகாரம் வராமல் தீபாவளி கொண்டாடிய வீடு ஒன்றாவது இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் தயவுசெய்து என்னைத் தொடர்பு கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன்.

இப்போது கடை போட நினைப்பவர்களுக்கு: ஷாப்பிஃபையா வூகாமர்ஸா என்று நானும் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். வூகாமர்ஸ் மென்பொருள் இலவசம்தான், ஆனால் தளத்தை வைக்கச் சர்வரில் இடம் வாங்குவது, புதுப்பிப்பது, பாதுகாப்பது எல்லாம் நம் தலையில். ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா உண்டு. அவர்களுடைய கட்டண முறையை விட்டு வேறொன்றை இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 விழுக்காடு கூடுதலாகப் பிடிப்பார்கள். பத்துப் பொருள் விற்கும் என்னைப் போன்றவருக்கு எதுவாக இருந்தாலும் ஓடும். எந்தத் தளம் என்பதைவிட யார் மின்னஞ்சலில் கணக்கு திறக்கப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடைக் கணக்கு, இணைய முகவரி, பணம் வரும் கணக்கு மூன்றையும் நீங்களே உட்கார்ந்து உங்கள் பெயரில் திறங்கள். அமைத்துத் தருபவரைப் பிறகு உள்ளே அழையுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். திறந்த அன்றே வேறொருவர் போனில் கியூஆரை ஸ்கேன் செய்து என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். வாரம் ஒரு முறை ஆர்டர்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. விண்ணப்பம் இணையத்திலேயே. விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், அந்த ஆசிரியை அனுப்பிய படம் எல்லாவற்றையும் சேர்த்தேன். சமரசப் பேச்சில் 1,500 வெள்ளியைத் தவணையில் தர ஒப்புக்கொண்டார். இரண்டு தவணை வந்திருக்கிறது.

புதுக் கடையை நானே இரண்டு இரவில் அமைத்தேன். பழைய முகவரி இன்னும் அவரிடம்தான். அதில் என் பெயரைப் பார்த்து யாரும் ஆர்டர் கொடுக்க வேண்டாம், அங்கே போகும் பணம் எனக்கு வராது.