லாப் ஸ்டீல் கிட்டாரில் கர்நாடக சங்கீதம்: டி–ஏ–டி–ஜி–ஏ–டி சுருதியமைப்பு, ஒரு நீண்டகால அனுபவம்

மடியில் கிடத்தி, ‘பார்’ என்னும் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் ஆறு தந்தி லாப் ஸ்டீல் கிட்டாரை வாங்குகிறவர்களில் பலர் சி6 என்னும் அமைப்பில் தொடங்குகிறார்கள். புதுச்சேரி மெல்லிசைக் குழுக்களில் பழைய திரைப்பாடல்களுக்கு இடையிசை வாசித்த காலம் முழுவதும் என் கருவியும் அப்படித்தான் இருந்தது. தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று வரும் இந்த அமைப்பில், சி என்பதை ஸட்ஜமாகக் கொண்டால், ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம் ஆகியவை கிடைக்கின்றன. மோகனத்திலிருந்து ரிஷபத்தை மட்டும் நீக்கிய கூட்டு என்பதால், மோகனம் வாசிக்கும்போது திறந்த தந்திகள் எல்லாமே ராகத்தோடு இசைந்துபோகும். ஆனால் தோடிக்கோ பைரவிக்கோ போகும்போது இதே அமைப்பு வழிமறிக்கிறது. பாரைத் தூக்கி வைக்கும்போதும் நகர்த்தும்போதும் அதன் கீழுள்ள எல்லாத் தந்திகளும் மெல்லியதாகவேனும் ஒலிக்கும் என்பதால், ராகத்துக்கு ஆகாத அந்தர காந்தாரம் ஸட்ஜத்தின் பக்கத்திலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கு அடுத்தபடியாக ஓப்பன் டி அமைப்பை, அதாவது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்பதைச் சில மாதங்கள் வைத்திருந்தேன். டி என்பது நம் சுருதிக் கணக்கில் 2 கட்டை. ஸ–ப–ஸ–க–ப–ஸ என்று அமைவதால் தம்புராவோடு நன்றாகச் சேரும். தொந்தரவு செய்தது, மெல்லிய தந்தியை முதலாவதாக எண்ணினால், மூன்றாவது தந்தியில் இருந்த அந்தக் காந்தாரம் ஒன்றுதான். அதை அரைக்கட்டை ஏற்றி ஜி ஆக்கினால், டி–ஏ–டி–ஜி–ஏ–டி, அதாவது ஸ–ப–ஸ–ம–ப–ஸ ஆகிவிடும். சாதாரண கிட்டாரில் இந்த அமைப்பு 1960களில் டேவி கிரஹாம் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் வழியாகப் பரவியது. லாப் ஸ்டீலில் இதை வைத்திருப்பவர்கள் குறைவு. மேற்கத்திய இசையில் பாரை நேராக வைத்தால் முழுமையான மேஜர் கார்டு கிடைக்காத அமைப்பு யாருக்கும் பயன்படாது என்பதே காரணமாக இருக்க வேண்டும். நமக்கோ கார்டு கிடைக்காததுதான் வசதி. காந்தாரம் எதுவென்று கருவி முன்கூட்டியே முடிவு செய்யாதிருப்பதால், சாதாரணமோ அந்தரமோ அதை ராகமே தீர்மானிக்கிறது.

இதன் உண்மையான பயன் பிடிபடுவதற்கு ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஃப்ரெட்டுகளுக்குப் பதிலாகக் கருவியில் வரைந்திருக்கும் கோடுகளில் 12ஆம் கோட்டில் பாரை நேராக வைத்தால், நான்காம் தந்தியில் ஸட்ஜம், மூன்றாம் தந்தியில் சுத்த மத்யமம், இரண்டாம் தந்தியில் பஞ்சமம், முதல் தந்தியில் மேல் ஸட்ஜம் என்று நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. மாயாமாளவகௌளையை எடுத்துக்கொண்டால், நான்காம் தந்தியில் 12, 13, 16 ஆகிய கோடுகளில் ஸ ரி க வாசித்து, மீண்டும் 12க்கு வந்து மூன்றாம் தந்தியில் ம. பிறகு இரண்டாம் தந்தியில் அதே 12, 13, 16 ஆகிய கோடுகளில் ப த நி வாசித்து, 12இல் முதல் தந்தியில் ஸ. ஸ முதல் ம வரையிலான பூர்வாங்கத்துக்குக் கை கற்ற பாடம், ப முதல் மேல் ஸ வரையிலான உத்தராங்கத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. தோடி, கரகரப்ரியா, சங்கராபரணம் ஆகியவையும் இப்படியே இரு பாதியும் ஒத்தவை. தாய் ராகங்களான மேளகர்த்தாக்களின் வரிசையில் 1, 8, 15, 22, 29, 36 என்று ஏழேழாகத் தள்ளி வரும் ஆறு சுத்த மத்யம மேளங்களுக்கும் இந்தச் சமச்சீர் உண்டு. மேளகர்த்தா அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, அதன் கட்டுமானம் கண்ணால் பார்க்கும்படி விளங்கியது இந்த அமைப்பில்தான். வயலின் பயின்றவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஸ–ப–ஸ–ப என்று சேர்த்த அவர்களுடைய தந்திகளிலும் விரல்களுக்கு இதே ஒற்றுமை உண்டு. மத்யமத்துக்கென ஒரு தனித் தந்தி இருப்பதே இங்கே கூடுதல்.

கோடுகளை நம்புவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கருவியில் வரைந்திருக்கும் கோடுகள் பியானோவின் சம இடைவெளிக் கணக்கில் அமைந்தவை. தம்புராவோடு ஒன்றிப்போகும் அந்தர காந்தாரம் அதைவிடச் சற்றுத் தாழ்ந்தது. என் கருவியைப் போல 22½ அங்குலத் தந்தி நீளம் கொண்டவற்றில், நான்காம் கோடு, தந்திகள் தொடங்கும் நட்டிலிருந்து ஏறக்குறைய 118 மில்லிமீட்டரில் இருக்கிறது. 5:4 விகிதத்தில் இயல்பாக இசையும் காந்தாரமோ 114 மில்லிமீட்டரையொட்டி இருக்கிறது. 12ஆம் கோட்டுக்கு மேலே இந்த வேறுபாடு பாதியாகக் குறைந்து, 2 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். ஓப்பன் டி அமைப்பில் மூன்றாம் தந்தியை ட்யூனர் பார்த்துச் சேர்த்தபோது அந்தக் காந்தாரம் எப்போதும் சற்று ஏறியே ஒலித்ததன் காரணம் இதுதான். இப்போது எந்தத் தந்தியிலும் காந்தாரம் இல்லை. ஸ, ம, ப மூன்றையும் சுருதிப்பெட்டியோடு காதால் சேர்த்துவிட்டு, காந்தாரத்தின் இடத்தைக் கையே தேடிக்கொள்ள விடலாம்.

ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் இந்தக் கருவிக்கு இயற்கையாகவே ஒரு சிரமம் உண்டு. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்து நிற்பது. நான்காம் தந்தியில் கீழ் ஸ்தாயியில் இதை வாசிக்க வேண்டுமானால், முதல் கோட்டுக்கும் ஐந்தாம் கோட்டுக்கும் இடையே பார் 11 சென்டிமீட்டர் ஓட வேண்டும். விரைவான சங்கதியில் மணிக்கட்டு திணறிவிடும். அதே பிடிப்பை ஐந்தாம் தந்தியில், அதாவது மந்தர பஞ்சமத் தந்தியில், 6ஆம் கோட்டுக்கும் 10ஆம் கோட்டுக்கும் இடையே வாசித்தால் 8 சென்டிமீட்டர் சொச்சம் போதும். தடித்த தந்தியின் கனமான நாதமும் கிடைக்கிறது. ஃப்ரெட் இல்லாத கோட்டு வாத்தியத்தில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் எட்டிய நிலையை மடிக்கிட்டாரில் எதிர்பார்ப்பது நியாயமல்ல. அது நீளமான தந்தியும் பக்கத் தந்திகளும் கொண்ட வேறொரு கருவி.

தந்திகளின் கனத்தில் மாற்றம் தேவைப்பட்டது. ஓப்பன் டி அமைப்புக்கு வழக்கமாகப் போடும் 16, 18, 26, 36, 46, 56 (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) என்ற வரிசையில், 18 கொண்ட இரண்டாம் தந்தியின் இழுவிசை கணக்குப்படி 18 பவுண்டுதான். பாரின் எடையில் அது தொய்ந்து பஞ்சமம் தடுமாறும். அதை 20 ஆக்கியதும் சீரடைந்தது. மூன்றாம் தந்தியில் சுற்றுக்கம்பி 26க்குப் பதிலாக வெற்றுக்கம்பி 22 போட்டதுதான் நான் செய்த மாற்றங்களில் மிகச் சிறந்தது என்பேன். சுற்றுக்கம்பியின் மேல் பார் வழுக்கும்போது எழும் ‘சர்ர்’ என்ற உராய்வொலி, திரைப்பாடலின் நீண்ட ஸ்வரங்களில் மறைந்துவிடும். ஜாரு என்னும் வழுக்கலும் கம்பிதம் என்னும் அசைவும் இடைவிடாமல் வரும் ஆலாபனையில் அது ஸ்வரத்தைவிட முந்திக்கொண்டு கேட்கும். கடற்கரைக்கு அருகே முத்தியால்பேட்டையில் குடியிருப்பதால், ஐப்பசி மழை தொடங்கியதும் தந்திகளில் துரு ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தால் கறுப்புக் கோடு படிகிறது என்றால், அடுத்த வாரமே பார் சொரசொரக்கும் என்று பொருள்.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். திரைப்பாடலுக்குத் தேவையான இரட்டை ஸ்வர இனிமை, குறிப்பாக மூன்றாம் இடைவெளி, பாரை நேராக வைத்தால் கிடைப்பதில்லை. இரண்டாம் தந்தியில் முதல் தந்தியைவிட ஒரு கோடு முன்னே போகும்படி பாரை எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் வரும். ஆனால் சுருதி சுத்தமாக அந்தச் சாய்வைப் பிடிப்பது மேடையில் எல்லா நாளும் கைகூடுவதில்லை. மெல்லிசைக் கச்சேரியே தொழில் என்றிருப்பவர்கள் சி6ஐ விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை.

உயர்ந்த மத்யமம் வரும் பிரதி மத்யம ராகங்களில் மூன்றாம் தந்தி உதவுவதில்லை. 2 கட்டையில் கல்யாணி வாசிக்கும்போது மத்யமத்துக்கு மட்டும் பாரை ஒரு கோடு மேலேற்றி இறக்க வேண்டும். மீட்டும் பிக் தவறிப் பட்டால் சுத்த மத்யமம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தந்தியை ஜி ஷார்ப்புக்கு ஏற்றிவிடலாம் என்றாலும், ஒரு தந்தியை இறுக்கினால் மற்றவை சற்று இறங்கும் என்பதால் உருப்படிகளுக்கு நடுவே அதை நான் செய்வதில்லை.

இதற்கு மாற்றாக எனக்குக் கிடைத்தது, பாடகிகளோடு வாசிக்கத் தொடங்கியபின் கண்டுகொண்ட வழி. எங்கள் பக்கத்தில் பெண்களின் சுருதி பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை. ஜி என்பது 5 கட்டை. ஆகவே எந்தத் தந்தியையும் தொடாமல் மூன்றாம் தந்தியையே ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், டி பஞ்சமமாகவும் ஏ சதுஸ்ருதி ரிஷபமாகவும் மாறிவிடுகின்றன. மத்யமம் எந்தத் தந்தியிலும் இல்லை. 2 கட்டையில் முரண்டு பிடித்த கல்யாணி இங்கே தடையின்றி உட்கார்ந்துகொள்கிறது. சங்கராபரணமும் கரகரப்ரியாவும்கூட அப்படியே. தோடி, பந்துவராளி, மாயாமாளவகௌளை போன்ற சுத்த ரிஷப ராகங்களில்தான் ஏ தந்திகளைக் கையால் அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பாடகிக்கு 5½ கட்டை என்றால் எல்லாத் தந்திகளையும் அரைக்கட்டை ஏற்ற வேண்டும். 16 தந்தி அதைத் தாங்குகிறது. ஆனால் துருவேறிய தந்தியில் அதைச் செய்யாமல் கச்சேரிக்கு முதல் நாளே புதியது மாற்றிவிடுவது நல்லது.