மார்கழிக் கூடத்துக்கு எது: உருளியில் பவளமல்லியா, குடுவையில் சம்பங்கியா?

பனிக்காலத்தில் வீட்டுக்குள் மணக்க எந்தப் பூவை வைக்கலாம் என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் மல்லிகைதான். ஆனால் 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மல்லிகை மார்கழியில் செடியிலேயே அரிதாகிவிடுகிறது. பொங்கல் நெருங்க நெருங்க மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதன் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறிப்போகும். பங்குனி, சித்திரைக்கு உரிய பூவைப் பனியில் தேடுவதைவிட, அந்தப் பருவத்தில் தோட்டம் தருவதைக் கொண்டு கூடத்தை அலங்கரிப்பதே முறை என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் அப்படிக் கிடைப்பவை இரண்டு: கொல்லையில் உதிரும் பவளமல்லியும், தொட்டிகளில் வளரும் சம்பங்கியும். இரண்டையும் கூடத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் சம்பங்கியின் பக்கமே சாய்ந்திருக்கிறேன்.

பார்வைக்கு எது அழகு என்றால் பவளமல்லிதான். வெண்கல உருளியின் நீர்ப்பரப்பில் வெள்ளை இதழ்களும் செம்மஞ்சள் காம்புகளும் கலந்து மிதப்பதற்கு நிகராகச் சம்பங்கியால் எதையும் காட்ட முடியாது. செலவு என்று பார்த்தால் இரண்டுக்குமே ஏதுமில்லை.

தீர்மானிக்கிற விஷயம் தண்டு. பவளமல்லி அந்தியில் விரிந்து, இரவு முழுவதும் மணந்து, விடியலில் உதிர்ந்துவிடும் பூ. தரையில் உதிர்ந்ததையே பொறுக்கிப் பூசைக்கு வைக்கும் வழக்கம் அதற்கு இருப்பதும் இதனால்தான். நாம் அதை உருளியில் இடும் வேளையில் மணத்தின் பெரும்பங்கு கொல்லைக் காற்றோடு போயிருக்கும். தண்டில்லாத பூவுக்கு நீரை உறிஞ்ச வழியுமில்லை. ஆகவே மிதந்துகொண்டிருந்தாலும் நண்பகலுக்குள் இதழ்கள் துவண்டு, வேலை முடிந்து எல்லோரும் கூடத்தில் வந்து உட்காரும் நேரத்தில் உருளியில் நிறம் மங்கிய பூக்களே மிஞ்சுகின்றன. மரமல்லியின் கதையும் ஏறத்தாழ இதுவே.

சம்பங்கியோ தண்டோடு வருவதால், வெட்டிய பிறகும் நீர் குடித்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்கிறது. கதிரின் அடியிலிருந்து நுனி நோக்கி மொட்டுகள் சிலசிலவாக விரிகின்றன. அடியில் உள்ளவை வாடும்போது மேலே உள்ளவை மலர்கின்றன. அதன் மணம் இருட்டிய பிறகுதான் ஓங்கும் என்பதால், பனிக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்தும் வேளையும் பூ மணக்கும் வேளையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. நான் கண்ட வரையில், ஒழுங்காகக் கவனித்தால் ஒரு கதிர் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும்.

அந்தக் கவனிப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடியில் இரண்டு மூன்று பூக்கள் விரிந்த நிலையில், வெயில் ஏறுமுன் கதிரை வெட்டி, உடனே நீரில் வைக்க வேண்டும். எல்லாம் மொட்டாக இருக்கும்போது வெட்டினால் மேல்மொட்டுகள் பல விரியாமலே போகின்றன. தண்டின் அடியைச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்துவிட வேண்டும். இலை அழுகினால் நீரில் பெருகும் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். குடுவை நிறைய நீர் இருந்தும் பூ வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அடைப்பே. இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, அப்போதே தண்டின் அடியை ஒரு விரற்கடை நறுக்கி, வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் போதும்.

இந்த இடத்தில் உருளிக்கு ஒரு நியாயம் உண்டு. அதன் பூக்கள் ஒரு நாளுக்கு மேல் தாங்காததால் நீரைத் தினமும் கொட்டியே தீர வேண்டியிருக்கிறது. சம்பங்கி நின்று தாங்குவதால் நீரை மறந்துவிடும் ஆபத்து அதிகம். தெளிந்த நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே வசதி. அதன் முட்டைகள் குடுவையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். கை நுழையாத குறுகிய கழுத்துக் குடுவைகளை நான் ஒதுக்கிவிட்டது இதற்காகத்தான். பழைய பித்தளைச் செம்பு ஒன்று வாயகன்று, கனமாக, கதிர்களின் எடைக்குச் சாயாமல் நிற்கிறது. உயரம் மாறுபட்ட மூன்று கதிர்களை அதில் நிறுத்தி, கழுத்தைச் சுற்றி மரிக்கொழுந்தைச் செருகினால் அலங்காரம் முடிந்துவிடும். மரிக்கொழுந்து காய்ந்த பின்னும் மணக்கும்.

சம்பங்கியின் மணம் சிலருக்குத் தலைவலி தருகிற அளவுக்குக் கனமானது; படுக்கையறையில் வைக்கக் கூடாது. இங்கே சொன்னதெல்லாம் ஒற்றை இதழ் வகையைப் பற்றியது. பூங்கொத்துக் கடைகளில் காணும் அடுக்குச் சம்பங்கியுடன் எனக்குப் பழக்கம் குறைவு. மணத்தில் ஒற்றைதான் உயர்வு என்று தோன்றுகிறது, ஆனால் தாங்கும் நாட்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தோட்டமில்லாதவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நிலக்கோட்டையிலும் மாட்டுத்தாவணியிலும் சம்பங்கி பெரும்பாலும் மாலை கட்டுவதற்கான உதிரிப்பூவாகவே எடை போட்டு விற்கப்படுகிறது. தண்டோடு வேண்டுமென்றால் வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதைவிட, ஆனி, ஆடியில் சில கிழங்குகளை வாங்கி, நீர் தேங்காத மண்தொட்டிகளில் வெயில் படும் மாடியில் ஊன்றிவிடலாம். மூன்று, நான்கு மாதங்களில் கதிர் விடத் தொடங்கும்; மார்கழிக்கு வெட்டிக்கொள்ளலாம்.