நிறம் மாறும் அட்டையா, அலறும் கருவியா?

பைக்குள் என்னென்ன வைத்துக்கொண்டு பறக்கிறீர்கள் என்று கேட்டால், சிறு விமானம் ஓட்டுபவர்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள்: டார்ச், கையடக்க ரேடியோ, உபரி பேட்டரி, வரைபடம் ஏற்றிய டேப்லெட். எஞ்சின் புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைக் காட்டிக்கொடுக்கும் பொருள் அந்தப் பட்டியலில் கடைசியாக வரும், வந்தால். என் பையிலும் நெடுநாள் அது இல்லை. வாடகை விமானத்தின் பேனலில் யாரோ ஒட்டிவைத்த, இந்த வாயு பட்டால் நிறம் மாறும் அட்டை இருக்கும். அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் எஞ்சினை இயக்குவதற்கு முன் அந்த அட்டையை உற்றுப் பார்த்தேன். நடுவில் நாணய அளவில் ஒரு பழுப்பு வட்டம். கீழே 'பிரித்த தேதி' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் எதுவும் எழுதப்படவில்லை. ஓரங்கள் வெயிலில் சுருண்டிருந்தன. அது போன மாதம் ஒட்டியதா, மூன்று வருடத்துக்கு முன் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றுதான் இந்த விஷயத்தில் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியது. அட்டை, வீட்டில் மாட்டும் அலாரம், வாயுவின் அளவை எண்ணாகக் காட்டி ஒலியும் எழுப்பும் சிறு மின்னணுக் கருவி என்று மூன்று வழிகள் இருந்தன. நான் மூன்றாவதை வாங்கினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது எதற்கு என்பது பலருக்குத் தெரிந்ததுதான். பெரும்பாலான ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் ஹீட்டர் என்பது, எஞ்சின் புகைக்குழாயில் சத்தத்தை அடக்கும் மஃப்லரைச் சுற்றிய ஒரு தகட்டு உறை. வெளிக்காற்று அதற்குள் ஓடிச் சூடாகி நம் காலடிக்கு வருகிறது. மஃப்லரில் மயிரிழை விரிசல் விழுந்தால் எஞ்சின் புகையும் அதே வழியில் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும்.

அட்டைக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். விலை மிகக் குறைவு, பேட்டரி வேண்டாம், எடை இல்லை. வாயு பட்டதும் வட்டத்தில் இருக்கும் ரசாயனம் கறுக்கிறது. ஆனால் பல அட்டைகளின் ஆயுள் உறையைப் பிரித்த நாளிலிருந்து சில மாதங்கள்தான். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் பேனலைத் துடைத்தால் அதற்கு முன்பே கெட்டுவிடலாம். கெட்டதை அது சொல்லாது. உயிருள்ள அட்டையும் செத்த அட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தேதி எழுதி, நாள்காட்டியில் குறித்து, தவறாமல் மாற்றுகிற ஒழுங்கு உள்ளவர்களுக்கு இது குறையாகத் தெரியாது. எனக்கு அந்த ஒழுங்கு இல்லை. பலர் பகிர்ந்து ஓட்டும் விமானத்தில் அது யாருடைய வேலை என்பதே தெரிவதில்லை.

இருந்தாலும் நான் அட்டையைக் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் பராமரிப்பு அல்ல. அட்டை வேலை செய்ய வேண்டுமானால் விமானி அதைப் பார்க்க வேண்டும். இந்த வாயு முதலில் கைவைப்பது அந்தப் பார்க்கும் புத்தியின் மீதுதான். லேசான தலைவலி, ஒரு சோர்வு, எதிலும் அக்கறையில்லாத ஒரு மந்தம். நீண்ட பயணத்தில், குளிர்காலத்தில், அதிகாலையில் எழுந்த நாளில் இவை எல்லாருக்கும் வருவதுதான். "தூக்கம் சரியில்லை" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அந்த நிலையில் எவன் திரும்பி அட்டையைப் பார்க்கப்போகிறான்?

2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற பைப்பர் மாலிபு என்ற சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவர் ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின், 58 சதவீதம் இருந்தது. விமானியை நேரத்தில் எச்சரித்திருக்கக்கூடிய, தானாகக் கூப்பிடும் கருவி அந்த விமானத்தில் இல்லை என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு குறிப்பிட்டது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1982 முதல் 2020 வரை இந்த வாயுவால் நேர்ந்த 31 விபத்துகளை அலசியது. அவற்றில் 42 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த 31 விமானங்களில் ஒன்றே ஒன்றில்தான் கண்டறியும் சாதனம் இருந்தது. அதுவும் தானாக எச்சரிக்கும் வகை இல்லை. இதைப் படித்த பிறகு எனக்கு ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டு அலாரத்தை எடுத்துச் செல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சத்தம் போடும், சரிதான். ஆனால் அமெரிக்கத் தரப்படி செய்யப்பட்ட வீட்டு அலாரம் 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை காத்திருந்துதான் ஒலிக்கும். 400 பிபிஎம் என்றால்கூட 4 முதல் 15 நிமிடம். வீட்டில் வீண் அலாரம் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த பொறுமை அது. சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதியில் 2017 வரை அனுமதித்த உச்ச அளவே 20,000-ல் ஒரு பங்கு, அதாவது 50 பிபிஎம். அதைத் தாண்டிய 70-க்கே வீட்டு அலாரம் ஒரு மணி நேரமாவது சும்மா இருக்கும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஆக்ஸிமீட்டரால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. விஷம் ஏறிக்கொண்டிருக்கும்போதே 98 சதவீதம் என்று நிம்மதியாகக் காட்டும்.

மின்னணுக் கருவி வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே அது தன் விலைக்கு வேலை செய்துவிட்டது. ஓடுபாதைக்குப் போகும் வழியில், முன்னால் நின்ற விமானத்தின் புகையில் 15, 18 என்று காட்டிவிட்டு, பறக்கத் தொடங்கியதும் பூஜ்யத்துக்கு இறங்கும், அது வழக்கம். அன்று மேலே சமநிலைக்கு வந்து ஹீட்டரைத் திறந்து கொஞ்ச நேரத்தில் 9 என்றது. பிறகு 22. ஹெட்செட் போட்டிருந்ததால் ஒலி எனக்குக் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு சிமிட்டியபோதுதான் பார்த்தேன், 41. ஹீட்டரை மூடி, காற்றுத் துவாரங்களைத் திறந்து, பக்கத்து விமான நிலையத்துக்குத் திருப்பினேன். சில நிமிடங்களில் எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. இறங்கிய பிறகு நானும் உடன் வந்த நண்பரும் பேனலில் இருந்த அட்டையைப் பார்த்தோம். கறுத்திருக்கிறது என்றார் அவர். முதலிலிருந்தே அப்படித்தான் என்றேன் நான். எஞ்சின் மூடியைக் கழற்றிய மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் காட்டினார்: மஃப்லரின் பற்றவைப்பு ஓரத்தில் சுண்ணாம்பு கசிந்தது போல வெளிறிய சாம்பல் கோடு.

எண் காட்டுவதன் அருமை அன்று புரிந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிகிறது. ஹீட்டரை மூடியது பலித்ததா என்பதும் தெரிகிறது.

இந்தக் கருவிக்கும் குறைகள் உண்டு. சத்தத்தைத் தடுக்கும் ஹெட்செட்டுக்குள் அதன் கீச்சொலி நுழைவதில்லை. பையில் போட்டுவைத்தால் இல்லாததற்குச் சமம். அதனால் த்ராட்டிலுக்கு மேலே, கண் அடிக்கடி போகும் இடத்தில் பொருத்துகிறேன். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கும் அது அலறியிருக்கிறது. சென்சாருக்கு ஆயுள் உண்டு, மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. அது முடிந்தால் பெரும்பாலும் கருவியையே மாற்ற வேண்டும். என்னுடையதற்கு இது மூன்றாவது வருடம்தான் என்பதால், கடைசி வருடங்களில் அதன் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது.

இப்போது ஹெட்செட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து, காதுக்குள் குரலாகச் சொல்லும் வகையும் வந்துவிட்டது. லைட்ஸ்பீட் நிறுவனத்தின் டெல்டா ஜூலு அப்படிப்பட்டது. கீச்சொலி கேட்காத குறை அதில் தீர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை இரவல் வாங்கிப் பறந்தேன். அன்று அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஹெட்செட் மாற்றும் நேரம் வந்தவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். என் பழைய ஹெட்செட் இன்னும் நன்றாக இருக்கிறது.

அந்த வாடகை விமானத்தில் மஃப்லரை மாற்றிவிட்டார்கள். அட்டையையும் மாற்றினார்கள். போன வாரம் பார்த்தேன், 'பிரித்த தேதி' கோடு இந்த முறையும் காலியாகத்தான் இருக்கிறது.