ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு மாட்டச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

ராத்திரியில் சாலை சரியாகத் தெரியவில்லை, ஹெட்லைட் பல்பை மாற்றிவிடலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. பணம் போனதைவிட, நாலு மாதம் எதிரே வந்தவர்கள் கண்ணையெல்லாம் கூச வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கார் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஹெச்4 என்ற வகை ஹாலஜன் பல்பு (உள்ளே கம்பிச்சுருள் சூடேறி எரியும் வகை) போட்ட சாதாரண ஹெட்லைட். வாரத்தில் மூன்று நாளாவது இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன், பாதி வழியில் தெருவிளக்கு கிடையாது. ஒரு வருடமாகவே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. லோ பீமில் ஒரு மஞ்சள் மங்கல், மழை பெய்தால் அதுவும் இல்லை. சரி, பல்புக்கு வயதாகிவிட்டது போல என்று நினைத்து ஒரு ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன்.

அங்கே கவுன்ட்டர் மேல் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஹாலஜன், ஒரு பக்கம் எல்இடி, எதிரே அரை மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைப் பலகை. கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். ஹாலஜன் பக்கம் மஞ்சளாக ஒரு வட்டம், எல்இடி பக்கம் பால் மாதிரி வெள்ளை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைப் பலகையில் வைத்து நம்பரைக் காட்டினார், மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. "சார், 200 வாட்ஸ், 30,000 லூமன்ஸ். வயரிங் எதுவும் தொட வேண்டாம், அப்படியே சொருகினால் போதும்" என்றார். லூமன் என்பது பல்பு விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நான் சொன்னதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். ஆனால் என் காரின் ஹெட்லைட்டை ஒரு தடவைகூட வெளியே வந்து பார்க்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது.

மாட்டும் வேலை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பல்புக்குப் பின்னால் ஒரு மின்விசிறி இருந்ததால் ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி உட்காரவில்லை. பையன் ஒரு கத்தியை எடுத்து ரப்பரை வட்டமாக அறுத்தான். "இது தேவையா தம்பி?" என்று கேட்டேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார், காற்று வேணும்ல" என்றான். அப்புறம் ஸ்க்ரூட்ரைவரை விட்டு இரண்டு பக்கமும் ஏதோ திருகினான். வெளிச்சம் எதிர்ச் சுவரில் மேலே ஏறியது. "இப்போ பாருங்க, எவ்வளவு தூரம் போகுது!" பழைய பல்புகளைக் கேட்டேன், குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்கள்.

முதல் இரவு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பானட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பகல் மாதிரி. சாலையில் இருந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் அடிக்கடி ஹை பீம் அடித்துக் காட்டினார்கள், நான் லோ பீமில்தானே போகிறேன், இவர்களுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், தெருவிளக்கு இல்லாத ஒரு நேர் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போயிருக்கிறார். வெள்ளை வெளிச்சம் முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரே கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்தான் அவர் இருந்திருக்கிறார். முதலில் தெரிந்தது அவருடைய செருப்பு. அந்த நீல ரப்பர் செருப்பின் குதிகால் மேலே தூக்கி இறங்கியது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. 70-ல் போகும்போது வண்டி ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்துத் தப்பித்தேன், எதிரே வண்டி வராததால் இரண்டு பேரும் பிழைத்தோம். ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு வெளிச்சம் இருந்தும் ஆள் ஏன் தெரியவில்லை? பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வண்டிக்கு நேர் முன்னால் வெளிச்சம் மிக அதிகமாக இருந்தால் நம் கண் அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சுருக்கிக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் குறைந்த வெளிச்சம் அப்புறம் கண்ணுக்கு எட்டாது. ஓட்டுபவருக்கோ 'எல்லாம் பளிச்சென்று தெரிகிறது' என்ற நம்பிக்கை வந்துவிடும், வேகமும் கூடும். வேகமாகப் போகிறவனுக்கு வேண்டியது 60, 70 மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்பது. காலடியில் இருக்கிற கல் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. ஈரச் சாலையில் அந்த நீலம் கலந்த வெள்ளை எங்கே போகிறது என்றே தெரியவில்லை, தூறல் மட்டும் கண்முன் வெள்ளைக் கோடுகளாக ஜொலித்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஹெட்லைட் கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். அறுத்த ரப்பர் வழியாகத்தான் ஈரம் போயிருக்கிறது. நாலாவது மாதம் இடது பல்பின் விசிறி நின்றுபோய், போட்டு ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் பாதியாக இறங்க ஆரம்பித்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். பில்லில் ஒரு வருட வாரன்டி என்று எழுதியிருந்தது. பையன் பல்பைக் கழற்றிப் பார்த்தான், கடைக்காரர் தள்ளி நின்றே, "தண்ணி போயிருக்கு சார், இதுக்கு வாரன்டி வராது" என்றார்.

"ரப்பரை அறுத்தது உங்க ஆள்தானே, அதனாலதானே தண்ணி போச்சு?"

"எல்லா வண்டிக்கும் அப்படித்தான் சார் பண்றோம். உங்க ஹெட்லைட்ல ஏற்கெனவே லீக் இருந்திருக்கும்."

அறுத்த ரப்பரைக் கையில் எடுத்துக் காட்டியும் பயனில்லை. கடைசியில் ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே புரொஜெக்டர் (லென்ஸ் வைத்த விளக்கு) வைத்துத் தருகிறேன், அதற்குத் தனியாகப் பணம் என்றார். ஒரு பொருளை விற்று, அதை மாட்டும்போதே கெடுத்து, கெட்டதைச் சரிசெய்ய அதைவிடப் பெரிய பொருளை விற்கிற வழி இது. நான் வெளியே வந்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அனுப்பினார். அவர் முதலில் வண்டியைச் சுற்றி வந்து ஹெட்லைட் மேல் விரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தார். பிறகு எல்இடிக்குப் போகும் வயரில், ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். ஒரு பல்புக்கு 1.8 ஆம்பியர். என்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் 24 வாட். இரண்டும் சேர்ந்தே 50 வாட் வரவில்லை, பெட்டியில் போட்டிருந்தது 200. அந்த 30,000 லூமன்ஸும் அப்படித்தான். தொழிற்சாலையிலேயே வரும் 35 வாட் செனான் விளக்கே சுமார் 3,200 லூமன்தான். இந்தப் பெட்டி அதைப்போல் ஒன்பது மடங்கு சொல்கிறது.

வாட் பொய்யைக்கூட விட்டுவிடலாம், பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹெச்4 பல்புக்குள் லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என்று இரண்டு ஃபிலமென்ட் (எரியும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றும் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளம். லோ பீம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் மேலே ஒரு வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் எல்லை, விழுகிறது. வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் முழுவதும் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தை வைத்துத்தான் வளைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஃபிலமென்ட் சுற்றிலும் வெளிச்சம் விடும். எல்இடி ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லு, அது பக்கவாட்டில்தான் விடும். பெரியவர் என் பல்பைக் கழற்றிக் காட்டினார். வலது பல்பில் சில்லுகள் இடமும் வலமும் பார்த்து இருந்தன, இடது பல்பில் அதைப் பிடித்து நிறுத்தும் வளையமான காலரைச் சரியாகத் திருப்பாததால் சாய்ந்து ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் பார்த்துக்கொண்டிருந்தன. அதாவது அந்தப் பக்கத்து வெளிச்சத்தில் ஒரு பகுதி நாலு மாதமும் வானத்துக்கும் எதிரே வந்தவர்களுக்கும் போயிருக்கிறது.

கடையில் காட்டிய பெட்டி இதில் எதையும் காட்டாது. அரை மீட்டரில் வெட்டுக்கோடு தெரியாது, தூரம் தெரியாது, பத்து நொடி மட்டும் எரியவிட்டால், பிறகு சூடேறி மங்குவதும் தெரியாது.

சரி, முதலில் வெளிச்சம் ஏன் குறைந்தது? காரணம் இரண்டு, இரண்டும் பல்பில் இல்லை. ஒன்று, ஹெட்லைட்டின் முன் மூடி. பெயர்தான் கண்ணாடி, அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மேல் பூச்சு போய் மஞ்சளடித்துவிட்டது, உள்ளே எதை எரித்தாலும் அந்த மூடி வெளிச்சத்தைத் தடுத்துச் சிதறடிக்கும். இரண்டு, வோல்டேஜ். பேட்டரியில் 13.8 இருந்தது. பழைய ஹாலஜன் ஒன்றைச் சொருகி எரியவிட்டு ஹோல்டரில் பார்த்தால் 11.9. மெல்லிய பழைய வயரும், பல்பைச் சொருகும் கருகிய கப்ளரும், துருப்பிடித்த எர்த்தும் சேர்ந்து இடையிலேயே தின்றுவிட்டன. ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு மீட்டரை வைத்து இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் அந்தக் கடையில் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பெரியவர் மூடியை 800 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 2000 நம்பர் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே யூவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் கிளியர் பூச்சு அடித்தார். இந்தக் கடைசிப் பூச்சு முக்கியம். வெறும் பாலிஷோ டூத்பேஸ்ட்டோ போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், பாதுகாப்பு இல்லாததால் சில மாதங்களிலேயே திரும்ப மஞ்சளடிக்கும். பேட்டரியிலிருந்து நேரடியாக ஃபியூஸ், ரிலே, தடித்த வயர், புது எர்த். புது ரப்பர் மூடி. பல்பு அதே 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) ஹாலஜன், நல்ல கம்பெனியுடையது. மாட்டும்போது அதன் கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் தனியாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடுமாம்.

அப்புறம் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினோம். ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டார். லோ பீமின் வெட்டுக்கோடு அந்தக் கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். ஒரு சதவீதச் சாய்வு என்பது இதுதான். பல வண்டிகளில் ஹெட்லைட் மேலேயோ பானட்டுக்கு அடியிலேயோ இந்தச் சதவீதமே அச்சடித்திருக்கும். பையன் திருகிவிட்டுப் போனபடி அன்று வரைக்கும் என் வெளிச்சம் மேல்கோட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று இரவு அதே சாலையில் போனேன். முன்னால் அவ்வளவு வெள்ளை இல்லை, ஆனால் தூரத்து மைல்கல் தெரிந்தது, ஓரத்தில் நடந்தவர் வெகு முன்பே தெரிந்தார். ஒருவர்கூட எனக்கு ஹை பீம் அடிக்கவில்லை.

நீங்கள் கடைக்குப் போவதாக இருந்தால் முதலில் மூடியையும் வோல்டேஜையும் பீம் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பார்க்க மறுக்கிற கடையில் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் ஹெட்லைட் மூடியின் ஓரத்தில் வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ஹெச்.சி.ஆர். என்பது போன்ற எழுத்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச் இருந்தால் அது ஹாலஜனுக்காக அங்கீகரிக்கப்பட்ட விளக்கு. 'சூப்பர் ஒயிட்' என்று நீலம் பூசிய ஹாலஜனைக் கொடுப்பார்கள், அந்தப் பூச்சு வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும். 100/90 வாட் பல்பு என்பார்கள், அது கப்ளரை உருக்கும், ரிஃப்ளெக்டரையும் பொசுக்கும். கூடுதல் வெளிச்சம் என்று வரும் நல்ல கம்பெனி 60/55 ஹாலஜன்கள் உண்மையிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தரும், ஆயுள் குறைவு, அதைத் தெரிந்துகொண்டு வாங்கலாம். எல்இடிதான் வேண்டும் என்றால் உங்கள் வண்டிக்கென்றே செய்து அங்கீகாரம் பெற்ற முழு ஹெட்லைட் யூனிட்டாக வாங்குங்கள். ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு போடுவது பல நாடுகளில் சட்டப்படி தவறு. ஜெர்மனியில் 2020-ல் ஒரு எல்இடி மாற்றுப் பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். சொருகினால் போதும், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்பவர் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

கழற்றிய எல்இடி பல்புகள் ஒரு டப்பாவில் என்னிடம்தான் இருக்கின்றன. வலது பல்பு இன்னும் நன்றாக எரிகிறது, இடதுக்கு விசிறி மாற்றினால் சரியாகிவிடும், பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். தர முடியாது என்று சொல்லிவிட்டு, அவருடைய காரை அந்தச் சுவருக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை.