யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் க.பொ.த. உயர்தர இரசாயனவியல் செய்முறை வகுப்பு: போகலாமா?

போகலாம். அதிலும் காபன் சேர்வைகளைப் பற்றிய சேதனப் பகுதியில் ஒட்சியேற்றம் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும். நான் வடமராட்சியில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் பொருட்கள் குறைவு என்பதால் என் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய், நானும் பின்வாங்கில் இருந்து பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, தாக்கம் நடக்காத குழாய்க்கும் அங்கே இடம் கொடுப்பதுதான். அமிலம் சேர்த்த பொற்றாசியம் பரமங்கனேற்றை எதனோலோடு சூடாக்கினால் ஊதா நிறம் போய்விடும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் பாடம். பக்கத்திலேயே 2-மெதயில்புரொப்பன்-2-ஓல் என்ற வேறோர் அற்ககோல் விட்ட குழாயையும் வைக்கிறார்கள். அதில் ஊதா அப்படியே நிற்கிறது. ஐதரொட்சில் கூட்டம் (OH) இருக்கிற காபனில் ஓர் ஐதரசன்கூட இல்லை, பிறகு எப்படி ஒட்சியேறும் என்று படிப்பிக்கிற சேர் கேட்க, ஒருத்தி சட்டென்று எழும்பிப் பதில் சொன்னாள். வகுப்பில் நான் எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதிய விடயம் அது. நீலக் கரைசலால் அல்டிகைட்டுகளைச் சோதிக்கிற பீலிங் சோதனையும் இப்படித்தான். குளுக்கோசு செங்கட்டி நிற வீழ்படிவு தர, பென்சல்டிகைட்டுக் குழாய் நீலமாகவே இருக்கும்.

அல்டிகைட்டு இருந்தால் வெள்ளி ஆடி படிகிற தொலன் சோதனைக்குத்தான் கூட நேரம் எடுத்தார்கள். வெள்ளி நைத்திரேற்றில் சோடியம் ஐதரொட்சைட்டு விட்டதும் கபில வீழ்படிவு. பிறகு அது கரையும் மட்டும் ஐதான அமோனியா, துளித்துளியாக. கூடிவிட்டால் சோதனை மந்தமாகிவிடும் என்று சேர் மேசை மேசையாக வந்து பார்த்தார். குளுக்கோசு விட்டு, இளஞ்சூட்டு நீரில் அசைக்காமல் வைக்க, குழாயின் உட்சுவரில் வெள்ளி மெல்லப் படிந்து முகம் தெரிகிற அளவுக்கு வந்தது. சரியாகக் கழுவாத குழாயில் கறுப்புத் தூள்தான் வந்தது, அதையும் எல்லோருக்கும் காட்டினார். மிச்சக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும் என்று சொல்லி, உடனேயே ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு அகற்றச் செய்தார். அந்தக் கவனம் பெரிய விஷயம்.

ஒட்சியேற்றத்துக்கு எதிரான தாழ்த்தல் பகுதி ஏமாற்றம். முழுக்கக் கரும்பலகையில்தான் போனது. தாழ்த்தப் பாவிக்கிற இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு தண்ணீர் பட்டால் மூர்க்கமாகத் தாக்கமடையும், அதை அங்கே தொடாதது சரி. ஆனால் சோடியம் போரோஐதரைட்டு அவ்வளவு முரண்டு பிடிக்காது. கவனமாக ஒரு கீற்றோனைத் தாழ்த்திக் காட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு குறை, இதை நான் லேசில் விடமாட்டேன். ஒட்சியேற்றத்துக்குப் பாவித்த, குரோமியம்(VI) உள்ள இருகுரோமேற்றுக் கழிவைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார்கள். குரோமியம்(VI) புற்றுநோய் தரக்கூடியது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஊற்றுகிறது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது, நாங்கள் குடிப்பதோ கிணற்றுத் தண்ணீர். சோடியம் பைசல்பைற்றால் குரோமியம்(III) ஆகத் தாழ்த்தி, காரம் விட்டு வீழ்படிவாக்கிச் சேர்த்து வைக்கலாம். தாழ்த்தலுக்கு அதைவிட நல்ல செய்முறையும் கிடையாது. பொறுப்பாக நடத்துகிறவரிடம் நேரே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

கட்டணம் வழமையான ரியூசனைவிடக் கூட, ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் போதாது, வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். நெல்லியடி, பருத்தித்துறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலைப் பிரிவையே கேளுங்கள், பின்னேரப் பிரிவு முடிய இருட்டிவிடும்.