வேர்ச்சொல் தேட விக்சனரி: சில வருஷமா யூஸ் பண்ணதுல தோணினது

ஒரு சொல்லோட பூர்வீகத்த ஆயிரக்கணக்கான வருஷம் பின்னாடி போய் பாக்கணும்னா நான் மொதல்ல தொறக்கறது விக்கிபீடியா மாதிரியே இருக்கற ஆன்லைன் அகராதி, இங்கிலீஷ் விக்சனரிதான். காசு கிடையாது, லாகின் வேணாம். டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தற சொல்வரலாறு சைட் எட்டிம்ஆன்லைனும் படிக்க சொகமா இருக்கும், ஆனா அது இங்கிலீஷ் சொற்களுக்குன்னே எழுதினது. விக்சனரில மூலச்சொல்லுக்கே தனி பேஜ் இருக்கு, கீழ டிசெண்டன்ட்ஸ்னு மொத்த வம்சாவளியும் வரும்.

நான் அடிக்கடி போற பேஜ் 'க்வெக்வ்லோஸ்', சமஸ்கிருதம், கிரேக்கம், இங்கிலீஷுக்கெல்லாம் பொதுவான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியோட சொல், சக்கரம்னு அர்த்தம், இதோட வேர் 'க்வெல்', சுத்தறது. முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பாங்க, அப்படின்னா எந்தக் கல்வெட்டுலயும் இந்த ரூபத்துல கெடைக்கல, வாரிசு மொழிகள ஒப்பிட்டு உருவாக்கினது. அங்கேர்ந்து எறங்கினா சமஸ்கிருதத்துல சக்ர, கிரேக்கத்துல கூக்லோஸ், பெர்சியன்ல சர்க், இங்கிலீஷ்ல வீல், சீனாவோட தாரிம் பக்கம் செத்துப்போன தொகாரியன்ல கொகலே, அங்க வண்டிக்கே அந்தப் பேரு. லிதுவேனியன்ல காக்லாஸ்னா கழுத்து! தலை திரும்பற எடம்தானே, சரியாத்தான் இருக்கு.

வீலும் சக்ரவும் காதுக்கு ஒட்டவே ஒட்டாது, அதுதான் இதுல சுவாரசியமே. க்வ ஜெர்மானிக் பக்கம் (இங்கிலீஷ், ஜெர்மன் வர்ற கிளை) ஹ்வ ஆகும்ங்கறது தேவதைக் கதை தொகுத்த அண்ணன் தம்பில மூத்தவர் யாகோப் கிரிம் 1822ல விளக்கின விதிக்குள்ள வருது. சமஸ்கிருதப் பக்கம் 'எ' முன்னாடி இருந்த க் மொதல்ல ச் ஆச்சு, அப்பறம் அந்த 'எ'யே 'அ' ஆயிடுச்சு. வம்சாவளி மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, சொல் எப்படி வந்துச்சுன்னு சொல்ற எட்டிமாலஜி பகுதியையும் படிங்க.

முக்கியமா அம்புக்குறி. அம்பு போட்டிருந்தா கடன் வாங்கினது, இல்லன்னா நேர் வாரிசு. நம்ம சக்கரம் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்த கடன், சைக்கிள் கிரேக்கம் லத்தீன்னு சுத்தி இங்கிலீஷ் வழியா வந்த கடன், ரெண்டுக்கும் பாட்டன் ஒருத்தர்தான், அதுக்காக தமிழ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம்னு ஆயிடாது (இப்படி கதை கட்டறவங்க நெறைய). நமக்கு ஆழி, திகிரின்னு தனியாவே இருக்கு, புறநானூறுல மோரியர் தேர் வர்ற எடத்துல திகிரிதான். திராவிட வேருக்கு பரோ-எமனோ அகராதிக்குப் போங்க, சிகாகோ யூனிவர்சிட்டி சைட்ல ஃப்ரீயா தேடலாம், இந்தோ-ஆரிய மொழிகளுக்கு டர்னர் அகராதியும் அங்கயே இருக்கு.

யார் வேணா எடிட் பண்ற எடம், அதனால மேற்கோள் இல்லாத வரிய நான் எடுத்துக்கறதில்ல. போகோர்னி ஜெர்மன்ல எழுதின 1959 இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல் அகராதி இன்னும் பல எடத்துல ஆதாரமா வரும், ஆனா மூலமொழில இருந்ததா இப்ப ஏத்துக்கிட்டிருக்கற லாரிஞ்சியல்ங்கற தொண்டை ஒலிகள் அதுல கெடையாது, அதனால அங்க இருக்கற வேரும் இப்ப எழுதற வேரும் பாக்க வேற மாதிரி இருக்கும்.

இந்த மாதிரி வம்சாவளி எதுலயும் ஒரு கொறை, யார்கிட்ட சொல் இருக்குன்னு காட்டும், யார்கிட்ட இல்லன்னு காட்டாது. இப்போதைய துருக்கில பேசப்பட்டு அழிஞ்சுபோன இந்தோ-ஐரோப்பிய மொழி ஹிட்டைட்ல சக்கரத்துக்கு ஹுர்கி, வேற வேர். சக்கர வண்டி தொல்லியல்ல தெரிய வர்றதே கிமு 3500 வாக்குலதான், அதனால மத்த கிளைங்க அதுவரைக்கும் ஒண்ணா இருந்திருக்கணும், ஹிட்டைட் கிளை அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருக்கலாம்னு பல அறிஞர்கள் வாதாடறதுக்கு இதுவும் ஒரு காரணம். இத அந்த ஒரு பேஜ மட்டும் பாத்து புடிக்க முடியாது, 'வீல்'ங்கற சொல்லோட பேஜ்ல ட்ரான்ஸ்லேஷன்ஸ் பெட்டிய தொறந்து மொழி மொழியா பாருங்க, ஒட்டாததெல்லாம் அங்கதான் மாட்டும்.