பியூப்ரெனார்பின்: காசிமேட்டுப் படகுத் தொழிலாளியின் அனுபவம்

பிரவுன் சுகர் என்னும் மலிவான ஹெராயின் பழக்கத்திலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது பியூப்ரெனார்பின் மாத்திரைதான். பல ஆண்டுகளாக நாக்கின் அடியில் வைத்துக் கரைத்துவருகிறேன். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் ராயபுரத்திலும் உண்டு, என் உறவிலும் உண்டு. அவர்கள் சொல்வது தவறு. மூளையில் பிரவுன் சுகர் போய் ஒட்டும் அதே இடங்களில்தான் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் ஓரளவுக்குத்தான் வேலை செய்கிறது, ஒரு அளவுக்கு மேல் ஏறுவதில்லை. எனக்கு மயக்கம் இல்லை, மூக்கொழுகலும் மூட்டுவலியும் இல்லை. கூலி வீட்டுக்கு வருகிறது.

தொடக்கம்தான் கடினம். உடம்பு நோகத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். ஹெராயின் உள்ளே இருக்கும்போது போட்டால், அதைத் தள்ளிவிட்டு இது அமர்ந்துகொள்ளும். விட்டதன் வேதனை முழுவதும் ஒரே நேரத்தில் வந்து தாக்கும். அதனால் முதல் மாத்திரைக்கு முன் காத்திருக்கும் அந்த நேரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள் தம்பிகளே.

பக்க விளைவுகளில் மலச்சிக்கல்தான் என்னை அதிகம் படுத்தியது. கீரையும் தண்ணீரும் ஓரளவு உதவின. மாத்திரை கரைந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். பற்கள் கெடுவது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகமே 2022-இல் எச்சரித்திருக்கிறது. மதுவோ தூக்க மாத்திரையோ இதனுடன் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

எனக்கு மருந்தோடு சண்டை இல்லை, வரிசையோடுதான். தினமும் போதை மீட்புச் சிகிச்சை மையத்துக்குப் போய், ஊழியர் கண்முன் கரைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது சிரமமே கிடையாது. தடை முடிந்ததும் விசைப்படகுகள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும். மாத்திரையை வீட்டுக்குக் கொடுக்க என் மையம் மறுத்தது. ஆகவே கடலை விட்டுவிட்டு, கரையில் எஞ்சின் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்துவிட்டேன். வருமானம் குறைந்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவனுக்கு இந்தத் தண்டனை எதற்கு?

இதே மருந்தை மாதம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியாகப் போட 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதன் பெயர் சப்லோகேட். தோலுக்கடியில் கட்டியாக உறைந்து, மெல்லக் கசிகிறது. அங்கே 2023-இல் அனுமதி பெற்ற பிரிக்சாடி, வார ஊசியாகவும் மாத ஊசியாகவும் கிடைக்கிறது. இவற்றை மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும். நரம்பில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. நால்ட்ரெக்சோன் மாத ஊசி வேறு வகை. அது போதையைத் தடுக்கும், ஆனால் விட்டதன் வேதனையைத் தணிக்காது. குறைந்தது 7 முதல் 10 நாட்கள் எந்த ஓபியாய்டும் (ஹெராயின், பியூப்ரெனார்பின் போன்றவை) உடம்பில் இல்லாமல் இருந்தால்தான் போடலாம். அத்தனை நாள் தாங்க முடியாமல் பலர் நழுவிவிடுகிறார்கள். நழுவியவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் உயிர் போகும். அதைத் தாங்கும் பழக்கம் உடம்புக்கு அதற்குள் போயிருக்கும்.

நான் போகும் மையத்தில் பியூப்ரெனார்பின் மாத ஊசி இல்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்கிறேன். நீங்களும் உங்கள் மையத்தில் கேளுங்கள். ஊசி வரும்வரை, ஒழுங்காக வருபவருக்கு ஒரு வார மாத்திரையையாவது கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கடலுக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும் அதுவே போதும்.